தேய்ந்துபோன ஒரு எழுத்தின் அடையாளம்



வங்கியில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், பூனையின் வால் என்று எழுத 'கேட்ஸ்'க்கு அப்பாஸ்ட்ரபி போடுகிறோம். அதன் வால் என்று எழுத 'இட்ஸ்'க்கு மட்டும் ஏன் போடக்கூடாது? போட்டதற்கு எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார்கள்."

சிரித்தவர்களுக்கு வரலாறு தெரியாதம்மா.

நம் ஆறாம் வேற்றுமை உருபு போல, பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களின் பின்னே ஈ-எஸ் என்ற விகுதி வந்தது. 14ஆம் நூற்றாண்டில், சாசர் காலத்தில், அரசனுடைய என்பது 'கிங்கெஸ்'. போகப் போகப் பேச்சில் அந்த 'ஈ' தேய்ந்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து ஆங்கிலேயர் அப்பாஸ்ட்ரபியை எடுத்துக்கொண்டார்கள். விடுபட்ட எழுத்தின் இடத்தைக் காட்டுவதே அதன் வேலை. உடைமைக்கென்று பிறந்த குறி அல்ல அது.

நடுவில் ஒரு வேடிக்கை. அந்த 'எஸ்', 'ஹிஸ்' என்பதன் சுருக்கம் என்று படித்தவர்களே நம்பினார்கள். 'ஜான் ஹிஸ் புக்' என்றும் எழுதினார்கள். 'ராமன் அவன் புத்தகம்' என்பது மாதிரி! சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இதை மறுத்தார். பெண்ணின் அழகு என்று சொல்லும்போதும் அதே 'எஸ்' வருகிறதே, அங்கே 'ஹிஸ்' எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். இப்படிக் கேட்கும் பிள்ளைகளை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இப்போது 'இட்ஸ்'. இது வயதில் சின்ன சொல். முன்பு அஃறிணைக்கும் 'ஹிஸ்'தான். 1611இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில் 'இட்ஸ்' என்ற சொல்லே கிடையாது. அந்தச் சொல் பரவியபோது, பெயர்ச்சொல்லைப் பார்த்துப் பலர் அப்பாஸ்ட்ரபி போட்டே எழுதினார்கள். 1787இல் கையால் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்பிரதியில், 'அதன்' என்ற பொருளில் குறியோடு அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. நாட்டின் சட்டத்திலேயே இருந்த எழுத்துமுறைக்குத்தான் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள்!

சுமார் 1800க்குப் பிறகுதான் வழக்கம் மாறி நிலைத்தது. குறி 'இட் இஸ்' என்பதன் சுருக்கத்துக்குப் போயிற்று. உடைமைச் சொல், ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ் வரிசையில் குறியில்லாமல் நின்றது.

இன்று எழுதும்போது இன்றைய வழக்கத்தைத்தான் பின்பற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்துப் பாருங்கள். பொருள் சரியாக வந்தால் குறி போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

பன்மையில் 'எஸ்'ஸுக்குப் பின்னால் குறி வந்த கதை இன்னொரு நாள். மாடியில் வடகம் காய்கிறது, மழை வரும் போலிருக்கிறது.