ஓர் எழுத்துப் பிழையும் எங்கள் கல்யாணங்களும்



மே 8 உலக தலசீமியா தினம். இந்த நோயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மாதாமாதம் இரத்தம் ஏற்றுவதோடு முடிந்துவிடுகிறது. அதன் வேரோ பரம்பரையலகு அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

பரம்பரையலகு என்பது நான்கே எழுத்துகளால் ஆன டீ.என்.ஏ. வாக்கியம். 1977 வரை அது இடைவெளியில்லாமல் ஓடும் வாக்கியம் என்றே நினைத்தார்கள். பக்றீரியாவில் அப்படித்தான் இருந்தது. அந்த வருடம் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஒரு வைரசில் துண்டு துண்டான பரம்பரையலகைக் கண்டன. முயலின் ஈமோகுளோபின் பரம்பரையலகிலும் அதே வருடம் இது தெரிந்தது. கலம் முழுவதையும் பிரதியெடுத்து, இடைத்துண்டுகளை வெட்டி நீக்கி, மீதியை ஒட்டிக்கொள்கிறது. 1993இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இடைத்துண்டுகள் எப்படி வந்தன? பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று அமெரிக்கா போன பெரியண்ணன் சேனாபதி 1986இல் ஒரு விடை சொன்னார். தற்செயலாகச் சேர்ந்த எழுத்துகளில் 'நிறுத்து' என்ற குறி அடிக்கடி வரும். அதனால் ஆதியிலேயே பரம்பரையலகுகள் சிறு துண்டுகளாகத்தான் தோன்றின என்றார். பெரும்பாலான விஞ்ஞானிகள் இதை ஏற்கவில்லை. பக்றீரியாவிலுள்ள, தம்மைத் தாமே வெட்டிக்கொள்ளும் துண்டுகள் சிக்கலான கலங்களின் மூதாதைக்குள் புகுந்து பெருகின என்பதே அவர்கள் கருத்து. ஆனால் வெட்டும் இடத்தை எந்த எழுத்துகள் காட்டுகின்றன என்று ஷாபிரோவும் சேனாபதியும் 1987இல் வெளியிட்ட கணிப்பு முறை இன்றும் பயன்படுகிறது.

அந்த எழுத்துகளில்தான் எங்கள் பிரச்சினையும் இருக்கிறது. ஈமோகுளோபினின் பீட்டா பரம்பரையலகில் இரண்டு இடைத்துண்டுகள். முதலாவது 130 எழுத்து நீளம். அதன் ஐந்தாவது எழுத்து 'ஜி' என்பதற்குப் பதில் 'சி' ஆனால் வெட்டு பிசகிவிடும். இலங்கையில் பீட்டா தலசீமியாவுக்கு அதிகம் காரணமாவது இந்த மாற்றம்தான்.

ஒரு பிரதியில் மட்டும் பிழை இருப்பவர் காவி. அவர் சுகமாகவே இருப்பார். காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாமி மகன், மாமா மகள் என்று சொந்தத்துக்குள் முடிக்கும்போது, ஒரே மூத்தவாப்பாவின் பிழை இருபக்கமும் வந்து சேரும் வாய்ப்புக் கூடும்.

ஆகவே கல்யாணப் பேச்சு எடுக்க முன் மாப்பிள்ளை, பொம்பிளை இருவருக்கும் முழு இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுங்கள். செங்குழியங்கள் சிறிதாக இருந்தால் அடுத்த பரிசோதனையை அவர் சொல்வார். குருநாகலில் இதற்கென்றே தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது.

காவியாக இருப்பது நோயல்ல. அதைச் சொல்லி எந்தக் குமரையும் குறைவாகப் பேசாதீர்கள்.