காஞ்சியை அளந்தவர்கள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "கோயிலைப் பற்றியா, பட்டைப் பற்றியா?" என்று கேட்டேன். "அதற்கெல்லாம் வேறு ஆள் இருக்கிறார்கள். நீ இன்ஜினியர்தானேப்பா, அதை எழுது" என்றார் எங்களுக்கு இரண்டு வருட சீனியரான அண்ணன். ஆகவே ஸ்தல புராணத்தை விட்டுவிட்டு, நம் ஊர்க் கட்டடங்களை அளந்து வைத்தவர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சிவில் படித்தவர்களுக்கு சர்வே கேம்ப் மறக்காது. வெயிலில் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு நின்றதும், ரீடிங் தப்பாக எழுதி மறுநாள் முழுதும் திரும்ப அளந்ததும் இன்றும் நினைவில் இருக்கிறது. ஆனால் நம் ஊரிலேயே நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் கோயில் கோயிலாகப் போய் அளந்து வரைந்திருக்கிறார் என்பதை நான் தெரிந்துகொண்டது வேலைக்குப் போன பிறகுதான். அலெக்ஸாண்டர் ரீ என்பது அவர் பெயர். ஆதிச்சநல்லூரில் தோண்டினாரே, அதே ரீதான். தொல்லியல் துறையில் பணியாற்றிய அவர் கைலாசநாதர் கோயில் முதலான காஞ்சிக் கோயில்களை அளந்து, தரைப்படமும் வெட்டுத்தோற்றமும் வரைந்து, 'பல்லவர் கட்டடக்கலை' பற்றிய ஆங்கில நூலாக 1909ல் வெளியிட்டார்.

கைலாசநாதர் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பியது. அடிவரிசை கருங்கல், மேலே எல்லாம் மணற்கல். மணற்கல் செதுக்க எளிது, கரைவதும் எளிது. மழையும் உப்பும் ஏற ஏற முகம் மழுங்கிக்கொண்டே போகும். அதன்மேல் பிற்காலத்தில் காறை பூசியிருக்கிறார்கள். அதனால் எது பல்லவர் உளி, எது பின்னால் வந்த கொத்தனார் கரண்டி என்று பிரித்துச் சொல்வது சிரமம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பழைய அளவுப்படம் சாட்சி மாதிரி. திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் ஓவியங்கள் இருப்பதை பிரெஞ்சு அறிஞர் ஷூவோ துப்ரேய் 1931ல்தான் கண்டெடுத்தார். அதற்கு முன் எத்தனை படம் உதிர்ந்து போயிற்றோ, யார் கண்டது! வைகுண்டப் பெருமாள் கோயிலில் பல்லவர் வரலாற்றைச் சொல்லும் சிற்ப வரிசையை ஆராய்ந்த சி. மீனாட்சி அம்மையாரின் நூல் அவர் மறைந்த பிறகு 1941ல் வெளிவந்தது. இன்று அந்தச் சிற்பங்களைப் பார்ப்பவர்கள் அந்தப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அளப்பதன் அருமை எனக்கு உறைத்தது 2010ல். அந்த வருடம் மே 26ஆம் தேதி ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரம் சரிந்து விழுந்தது. கிருஷ்ணதேவராயர் 1516ல் கட்டியது. விரிசல் பெரிதாவதைப் பார்த்து ஆட்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். டி.வி.யில் அதைப் பார்த்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "கலிகாலம்" என்றார்கள். எனக்கு ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் கிருஷ்ணதேவராயர் காலத்துப் பணிதான், 1509 என்று சொல்வார்கள். ஒன்பது நிலை, ஏறத்தாழ 190 அடி. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். காளஹஸ்தி கோபுரத்துக்கு இது அண்ணன் முறை. தம்பி போய்விட்டான், அண்ணன் எப்படி இருக்கிறார் என்று யாராவது பார்க்க வேண்டாமா?

பார்த்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் அருண் மேனன் முதலானோரும் இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்து மாஜெனெஸும் சேர்ந்து, இந்தக் கோபுரத்தையும் மண்டபத்தையும் கணினியில் மாதிரியாக்கி, நில நடுக்கம் வந்தால் எப்படி ஆடும் என்று கணக்கிட்ட ஆய்வு 2018ல் 'சாதனா' இதழில் வந்தது. நில நடுக்கமாவது நம்ம ஊரிலாவது என்று சிரிக்காதீர்கள். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் நடுங்கி, சென்னை வரை உணரப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் திருத்திய விதிமுறையில் இந்தப் பகுதி மூன்றாம் மண்டலமாகக் குறிக்கப்பட்டது.

கணினி மாதிரி என்பது மாயம் ஒன்றுமில்லை. கோபுரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எடை, விறைப்பு, தாங்கும் வலு என்று எண்களைக் கொடுத்துவிட்டு ஆட்டிப் பார்ப்பது. சுற்றளவை இன்று லேசர் ஸ்கேனர் கோடிக்கணக்கான புள்ளிகளாக அள்ளிக்கொண்டு வந்துவிடும். பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற பேராசிரியர் 2010ல் அப்படி ஸ்கேன் செய்து வைத்தார். 2019ல் அது எரிந்தபோது, திரும்பக் கட்டியவர்களுக்கு அந்த அளவு கைகொடுத்தது. 2024 டிசம்பரில் கோயில் திறந்துவிட்டார்கள். காளஹஸ்தி விழுந்ததும் அதே 2010தான். அங்கும் புதுக் கோபுரம் எழும்பி 2017ல் குடமுழுக்கு ஆயிற்று என்றாலும், புதியது புதியதுதான்.

ஆனால் லேசருக்கு மேல்தோல்தான் தெரியும். உள்ளே இருக்கும் சாந்தின் வலு என்ன என்று அது சொல்லாது. சுண்ணாம்பு 900 டிகிரி வாக்கில் வெந்துவிடும். சிமெண்ட் கிளிங்கருக்கு 1450 டிகிரி வேண்டும். தவிர, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டுதான் இறுகுகிறது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தால் என்ன நடக்கிறது என்று வேலூர் வி.ஐ.டி.யில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். நம் தாத்தா காலத்துக் கொத்தனார் கேட்டால் "இதுக்குக்கூடவா பட்டம் குடுப்பாங்க?" என்பார். பழைய செங்கல்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லே பொடியாகிவிடும். நம் ஊரில் எத்தனை மதிலில் இதைப் பார்க்கிறோம்!

கோயிலை அளக்க ரீ வந்தார், ஐ.ஐ.டி. வந்தது. பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டை அளக்க யாரும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. சிக்கனமாகவும் வெயிலுக்கு ஏற்றபடியும் கட்டுவது எப்படி என்று இன்றைக்கு கான்ஃபரன்ஸ் போட்டுப் பேசுகிறோம். சென்ற தை மாதம் இடிபட இருந்த ஒரு தறிவீட்டை, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாலு பேரோடு போய் டேப்பும் தூக்குக்குண்டும் வைத்து இரண்டு நாள் அளந்தோம். 14 அடி அகலம், 70 அடி நீளம். திண்ணை, நடை, கூடம், முற்றம். ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓடு. ஜக்கார்டு பெட்டி இடிக்காத உயரத்தில் மோடு. கூடத்தில் குழித்தறி. தரையை ஒட்டிப் பாவு ஓடுவதால் மண்ணின் ஈரம் இழைக்குக் கிடைக்கும், பட்டு அறுந்துகொண்டே இருக்காது. பக்கத்து வீட்டில் கான்கிரீட் தளம் போட்டு, தாழ்வான கூரைக்குக் கீழே சித்திரையில் நெய்கிறவரைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓடு மாற்ற ஆளில்லை, பழைய வீட்டுக்கு லோனும் சுலபத்தில் கிடைக்காது.

வீட்டுக்காரப் பெரியவர் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இடிக்கப் போற வீட்டை எதுக்குத் தம்பி அளக்குறீங்க?" என்றார். "அதனாலதாங்க ஐயா" என்றேன். அவர் எழுந்து போய்ப் பரணிலிருந்து பழைய தறிக் கட்டை ஒன்றை எடுத்து வந்து, "அப்ப இதையும் அளந்துக்குங்க" என்று கொடுத்தார்.

மாசியில் வீட்டை இடித்துவிட்டார்கள். வரைபடம் மூன்று ஷீட்டாக சிவில் துறை நூலகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். உங்கள் தெருவில் பழைய தறிவீடு எதையாவது இடிக்கப் போவதாகத் தெரிந்தால், ஒரு வாரம் முன்னால் சங்கத்தில் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வந்துவிடுவேன்.