பிழை எண்ணும் சபை பிறந்த கதை

திருவேற்காட்டிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போய் வருகிற இன்ஜினியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மெஷின் நின்றுபோனால் பயமில்லை, ஏன் நின்றது என்று மீட்டிங்கில் எழுந்து சொல்லத்தான் பயம் என்பார். மேடைப் பேச்சுக்குப் பேர்போன நாட்டில் இது விசித்திரம்தான். திரு.வி.க. 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களிடம் தமிழில் முழங்கிய காலத்திலிருந்து நமக்குப் பேச்சாளர்களுக்குக் குறைவில்லை. ஆனால், பேச வருகிறவருக்குத்தான் மேடை. வராதவருக்குக் கீழே தரை.

அப்படி வராதவருக்கென ஓர் ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. 1903-இல் பட்டம் பெற்ற ரால்ஃப் ஸ்மெட்லி, இல்லினாய் மாநிலத்து ப்ளூமிங்டன் ஊரில் ஒய்.எம்.சி.ஏ.வின் கல்விப் பொறுப்பாளரானார். (நந்தனத்தில் உடற்பயிற்சிக் கல்லூரி நடத்துகிறதே, அதே ஒய்.எம்.சி.ஏ.தான்.) அங்கு வந்த இளைஞர்களுக்கு நாலு பேர் முன்னால் பேசவும் தெரியவில்லை, கூட்டம் நடத்தவும் தெரியவில்லை. 1905-இல் விருந்துச் சபை போல ஒரு கழகம் வைத்து, முறை போட்டுப் பேசவைத்தார். பெயர் டோஸ்ட்மாஸ்டர்ஸ். அவருக்கு வேறு ஊர் மாற்றலானதும் கழகம் படுத்துவிட்டது. போன ஊர்களிலும் இதே கதை. கடைசியில் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில், 1924 அக்டோபர் 22 அன்று தொடங்கியதுதான் வேர் பிடித்தது. 1932-இல் பதிவு பெற்ற அமைப்பானது. பெண்களைச் சேர்த்துக்கொள்ள மட்டும் 1973 வரை ஆயிற்று. பேச்சைச் சொல்லித்தர வந்தவர்களுக்கு அது அழகல்ல.

அதன் சூட்சுமம் பேசுகிறவரிடம் இல்லை, கேட்கிறவரிடம் இருக்கிறது. பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்ட ஒருவர். 'ஆ', 'ம்' என்று இழுப்பதை எண்ண ஒருவர். பேசி முடித்ததும் எழுந்து நிறைகுறை சொல்ல இன்னொருவர். வாத்தியார் என்று யாரும் கிடையாது. இன்று குறை சொல்கிறவர் அடுத்த கூட்டத்தில் தானே பேச நிற்க வேண்டும் என்பதால் நாக்கில் தேள் இருக்காது. நம் பட்டிமன்ற நடுவர் வாதத்துக்குத் தீர்ப்புச் சொல்வார். பேசியவர் எத்தனை முறை 'வந்து... வந்து...' என்று இழுத்தார் என்று சொல்வாரா?

தமிழிலேயே கூடும் கழகங்கள் இன்று உண்டு. பக்கத்தில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். வேலைக்குப் போகிற ஐந்தாறு பேரும் ஒரு மொட்டை மாடியும் போதும். நேரம் பார்க்க செல்போன், 'வந்து' எண்ண ஒரு துண்டுப் பேப்பர். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.