தரை விற்றவர் மெழுகு விற்ற கதை

ஜான்சன் என்றதும் நம்மூரில் குழந்தைகளுக்குப் போடும் பவுடர்தான் நினைவுக்கு வரும். இது வேறு ஜான்சன். கொசுவுக்காகச் சுவரில் செருகுகிறோமே ஆல் அவுட், அதை இப்போது கையில் வைத்திருக்கும் எஸ்.சி. ஜான்சன் கம்பெனி. இவர்கள் தொடங்கியது மரத்தரை வியாபாரத்தில் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு ஹார்டுவேர் கம்பெனியில் விற்பனையாளராக இருந்த சாமுவேல் கர்டிஸ் ஜான்சன், 1886-ல் அந்தக் கம்பெனியின் பார்க்கே தரை வியாபாரத்தை விலைக்கு வாங்கினார். பார்க்கே என்பது ஓக் போன்ற கெட்டி மரத்தைச் சிறு துண்டுகளாக அறுத்து, கோலம் போட்ட மாதிரி பதிக்கும் தரை. முதல் வருட லாபம் 268 டாலர் 27 சென்ட். (பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருக்கிறார்!)

தரை போட்டுக் கொடுத்தவுடன் வாங்கியவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இதை எப்படிப் பராமரிப்பது? நியாயமான கேள்விதான். சாதாரணப் பலகைத் தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் பழகியவர்கள் அவர்கள். பார்க்கேயில் அதைச் செய்தால் போச்சு. மரம் தண்ணீரைக் குடித்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நாளடைவில் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். ஐரோப்பாவின் பெரிய வீடுகளில் இதற்குப் பழைய வழி ஒன்று இருந்தது. தரையில் மெழுகு பூசி, தேய்த்துப் பளபளப்பாக்குவது. பிரான்சில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், காலில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு தேய்ப்பார்கள்.

ஜான்சன் தானே ஒரு மெழுகு தயாரித்து, தரை வாங்குபவர்களுக்கு ஒரு டப்பா சேர்த்துக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரிடம் தரையே வாங்காதவர்களும் மெழுகு கேட்டு வர ஆரம்பித்தார்கள். 1898-ல் மெழுகு விற்பனை தரை விற்பனையைத் தாண்டியது. 1917-ல் தரை வியாபாரத்தையே மூடிவிட்டார்கள். பி.காம். படிக்கிற எனக்கு இதில் ஆச்சரியமில்லை. தரை வாங்குபவர் ஆயுளில் ஒரு தடவை வாங்குவார், மெழுகு டப்பா தீரத் தீரத் திரும்பி வருவார். ஆனாலும் கேள்வி கேட்டவர்களை "அது உங்கள் பாடு" என்று அனுப்பிவிடாமல் பதில் தேடினாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. மெழுகு தானாகப் பளபளக்காது. முட்டி போட்டுப் பூசி, காயவிட்டு, கை வலிக்கத் தேய்க்க வேண்டும். அதைச் செய்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், வசதியுள்ள வீடுகளில் வேலைக்காரிகள். கம்பெனி தொடங்கி 46 வருடம் கழித்து, 1932-ல்தான் குளோ-கோட் என்ற திரவ மெழுகு வந்தது. பூசினால் போதும், தேய்க்காமலே காய்ந்து மின்னும். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த அந்த வருடத்திலும் அது நன்றாக விற்றது. எனக்குக் காரணம் புரிகிறது!

மெழுகை நிஜமாக ஓரங்கட்டியது பாலியூரித்தேன் பூச்சு. 1960களுக்குப் பிறகு வீடுகளில் பரவிய இந்தப் பூச்சு, மரத்தின் மேல் ஒரு கெட்டியான படலமாக நிற்கும். தூசியைப் பெருக்கி, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். அதன் மேல் மெழுகு பூசினால் கால் வழுக்கும், பின்னால் மறுபடி பூச்சு அடித்தால் ஒட்டாது. அதனால் இன்றைக்குத் தரை போடுபவர்களே மெழுகு வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பழைய டப்பா மெழுகின் தயாரிப்பை ஜான்சன் கம்பெனி 2021-ல் நிறுத்திவிட்டது.