மந்தணக் குறிப்பும் பிரிவுவாரிக் கணக்கும்: பணித்திறன் மதிப்பீட்டில் பாகுபாட்டைக் கண்டறிந்த வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பணித்திறன் மதிப்பீட்டில் கலந்திருக்கும் பாகுபாட்டைக் கண்டறிய இந்தியாவில் இருவழிகள் உருவாயின. ஒன்று, பணியாளர் தம் மதிப்பீட்டை அறியும் உரிமை. மற்றொன்று, பிரிவுவாரியாகக் கணக்கெடுத்து ஒப்பிடும் முறை. 1921 முதல் 2021 வரையிலான அரசாணைகளையும் தீர்ப்புகளையும் கொண்டு, முதல் வழி மட்டும் போதாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பணித்திறன் மதிப்பீடு, மந்தண அறிக்கை, வகுப்புவாரி ஆணை, மறைமுகப் பாகுபாடு, ஓசூர்

முன்னுரை

ஓராண்டு உழைப்பு 'மிக நன்று', 'நன்று' என்னும் ஓரிரு சொற்களாகச் சுருங்கி ஏட்டில் ஏறுவதே பணித்திறன் மதிப்பீடு. ஊதிய உயர்வும் பதவி உயர்வும் பெரும்பாலும் அச்சொற்களைப் பொறுத்தே அமைகின்றன. மதிப்பிடுபவரின் மனச்சாய்வு அவற்றில் கலந்திருப்பின், ஒரே ஓர் ஏட்டைப் பார்த்து அதனை அறிதல் அரிது. பல ஏடுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போதே சாய்வு புலப்படும்.

சென்னை மாகாணத்தின் கணக்கு

பிரிவுவாரியாக எண்ணிப் பார்க்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதியதன்று. நீதிக்கட்சி ஆட்சியில் 1921 செப்டம்பர் 16 அன்று வெளிவந்த 613ஆம் எண் அரசாணை, வருவாய்த் துறையில் நடப்பிலிருந்த பகிர்வுக் கொள்கையை எல்லாத் துறைகளுக்கும் விரித்தது. நியமனம் பெற்றோரின் வகுப்புவாரி விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புமாறு துறைத் தலைவர்களைப் பணித்தது. 1927ஆம் ஆண்டு ஆணை 12 இடங்களைப் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முசுலிம்கள், ஆங்கிலோ இந்தியருடன் கூடிய கிறித்தவர் ஆகியோருக்குத் தலா 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1 எனப் பகிர்ந்தது. வேலைவாய்ப்பில் இம்முறையை 1951இல் வெங்கடரமணா வழக்கில் உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது.

இக்கணக்கு முதன்மையாகப் பணியில் அமர்ந்தோரை எண்ணியது. அமர்ந்தபின் அவர்கள் எவ்வாறு மதிப்பிடப்பட்டனர் என்பதை அது காட்டவில்லை. அவ்வினா தென்னக இரயில்வேயின் தெரிவுப் பதவிகள் குறித்த ரங்காச்சாரி வழக்கில் நெருங்கி வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கான இடஒதுக்கீடு பதவி உயர்வுக்கும் பொருந்தும் என 1961இல் உச்சநீதிமன்றம் 3க்கு 2 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. எனினும் விவாதம் இடங்களின் எண்ணிக்கையைச் சுற்றியே அமைந்தது. தெரிவுக்கு அடிப்படையான அறிக்கைகள் மந்தணமாகவே நீடித்தன.

மந்தணம் அகன்றமை

அறிவிக்கப்படாத பாதகக் குறிப்பைக் கொண்டு பதவி உயர்வை மறுக்கலாகாது என்பதை 1979இல் குருதயாள் சிங் ஃபிஜ்ஜி வழக்கு வலியுறுத்தியது. 2008இல் வந்த தேவ் தத் வழக்கு மேலும் நுட்பமானது. உயர்வுக்கு 'மிக நன்று' தேவைப்பட்ட இடத்தில் அவருக்கு ஓராண்டு 'நன்று' எனக் குறிக்கப்பட்டிருந்தது. தோற்றத்தில் பாராட்டாகிய சொல்லே பயனில் தடையானது. எனவே எல்லா மதிப்பீடுகளையும் பணியாளருக்கு அறிவிக்க வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. 2009 மே மாதம் நடுவண் அரசு அதற்கான ஆணையைப் பிறப்பித்தது. 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூவர் அமர்வு இந்நிலையை உறுதிசெய்தது.

இதனால் பணியாளர் தம் ஏட்டைக் காணும் வாய்ப்புப் பெற்றார். ஆனால் தம்மை ஒத்த பிறர்க்கு என்ன மதிப்பீடு வழங்கப்பட்டது என்பதை அவர் அறிய வழியில்லை. பாகுபாடு என்பது ஒப்பீட்டில் மட்டுமே புலப்படும் குற்றம். ஒப்பிட இயலாதவர் அதனை மெய்ப்பிப்பது எங்ஙனம்?

அளவுகோலே சாய்ந்திருத்தல்

இந்திய அயலகப் பணியின் முதல் பெண் அலுவலர் சி. பி. முத்தம்மா, முதல்நிலை உயர்வு தமக்கு மறுக்கப்பட்டதில் பெண்களுக்கு எதிரான மனச்சாய்வு இருந்ததென முறையிட்டார். பெண் அலுவலர் திருமணத்திற்கு அரசின் அனுமதி பெறவேண்டும் என்ற விதியை 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகச் சாடினார். அங்குப் பாகுபாடு விதியின் சொற்களிலேயே வெளிப்படையாக இருந்தது.

2021 மார்ச் 25 அன்று வழங்கப்பட்ட நிதிஷா வழக்கின் தீர்ப்பு வேறுவகைப் பாகுபாட்டைக் கண்டது. தரைப்படைப் பெண் அலுவலர்க்கு நிரந்தரப் பணி வழங்க ஆண்டறிக்கைகளின் மதிப்பெண்கள் கணக்கில் கொள்ளப்பட்டன. அவ்வறிக்கைகளுள் பல, பெண்களுக்கு நிரந்தரப் பணி வாய்ப்பே இல்லாத காலத்தில் எழுதப்பட்டவை. அவ்வாய்ப்பை எண்ணாது எழுதியோர் அவற்றில் போதிய கருத்தைச் செலுத்தவில்லை. பிற்காலச் சாதனைகளும் விடுபட்டன. இருபாலர்க்கும் ஒரே அளவுகோல் என்ற தோற்றம் இருப்பினும், விளைவு பெண்களுக்கே பாதகமாயிற்று. இதனை மறைமுகப் பாகுபாடு என நீதிமன்றம் வகைப்படுத்தியது. தீய நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஒரு பிரிவினர் மீது விளையும் பயனே ஆராயப்பட வேண்டும் என்பது இதன் சாரம்.

தனியார் ஆலைகளும் இல்லாத பதிவேடும்

மேற்கண்ட வழக்குகள் யாவும் அரசுப் பணி சார்ந்தவை. ஓசூர்த் தொழிற்பகுதியின் தனியார் ஆலைகளில் வேலை பார்க்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டி போன்ற ஊர்களின் இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும் அரசமைப்பின் 16ஆம் உறுப்பு நேரடியாக உதவாது. ஆயினும் 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம், 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால், பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றிலும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்தது; அது தனியார்க்கும் பொருந்தியது. அச்சட்டத்தின்கீழ் ஆண், பெண் எண்ணிக்கையையும் ஊதியத்தையும் காட்டும் பதிவேடு கட்டாயமாயிற்று. உயர்வைத் தீர்மானிக்கும் மதிப்பீட்டுக்கோ அத்தகைய பதிவேடு இல்லை.

அதனை உருவாக்குதல் கடினமன்று. எடுத்துக்காட்டாக, ஓர் ஆலையில் 200 ஆண்களுள் 60 பேரும் 100 பெண்களுள் 18 பேரும் உயர்தர மதிப்பீடு பெற்றதாகக் கொள்வோம். விழுக்காடு முறையே 30, 18. பெண்களின் விகிதம் ஆண்களின் விகிதத்தில் 60 விழுக்காடே. அமெரிக்காவில் 1978இல் வகுக்கப்பட்ட பணித்தெரிவு நெறிமுறைகள் இத்தகைய விகிதம் 80 விழுக்காட்டிற்குக் குறைந்தால் அதனை ஐயத்துக்குரியதாகக் கொள்கின்றன. இது தீர்ப்பன்று; விசாரணையின் தொடக்கம். அடுத்து ஒரே வேலை, ஒத்த பணிக்காலம் உடையோரை ஒப்பிட்டு, எந்த மேற்பார்வையாளரிடம் வேறுபாடு மிகுகிறது எனக் காணவேண்டும். இறுதியாக அளவுகோலையே ஆராயவேண்டும். மிகைநேர வேலைக்கு இசைவதே ஆர்வத்தின் அடையாளம் எனக் கொண்டால், வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் பெண் தொடக்கத்திலேயே பின்தங்குவாள். எண்ணிக்கை மிகக் குறைவாயின் பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்தே முடிவு காணவேண்டும்.

முடிவுரை

1921ஆம் ஆண்டு ஆணை எண்ணியது, மதிப்பீட்டைத் தொடவில்லை. 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு மதிப்பீட்டைத் திறந்தது, பிரிவுவாரியாக எண்ணவில்லை. 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு மதிப்பீட்டு முறையையும் அதனால் ஒரு பிரிவினர்க்கு விளைந்த பாதகத்தையும் சேர்த்து நோக்கியது. எனினும் அதுவும் பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்த பின்னரே நிகழ்ந்தது. வழக்காட வசதியற்ற ஆலைத் தொழிலாளிக்கு, ஆண்டுதோறும் நிறுவனமே பிரிவுவாரியாகக் கணக்கிட்டு ஆராயும் பதிவேடே முதற்காப்பாகும். அது சட்டக் கடமையாக்கப்படாத வரையில், பதவி உயர்வில் பாகுபாட்டைத் தடுக்கும் விதி பெருமளவு ஏட்டளவிலேயே நிற்கும்.