கான்யூ: குதிரை, பட்டாலியன், ஆண்டெனா

கான்யூ முதலில் ஒரு குதிரையின் பெயர். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியின் அப்பா ராஸ் மகோன்னன் போருக்கு ஏறிப்போன குதிரை அது என்பார்கள். 1951இல் அந்தப் பெயரை ஒரு பட்டாலியனுக்கு வைத்தார் மகன். அரண்மனைக் காவல்படையிலிருந்து பொறுக்கி எடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேர் ஏப்ரல் மாதம் அடிஸ் அபாபாவில் ரயில் ஏறி ஜிபூட்டி போனார்கள். அங்கிருந்து அமெரிக்கக் கப்பல். மே மாதம் கொரியாவின் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

எத்தியோப்பியாவுக்கும் கொரியாவுக்கும் என்ன சம்பந்தம்? எல்லை கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி வியாபாரம் கிடையாது, பழைய பகையும் கிடையாது. அமெரிக்கா கூப்பிட்டது, இவர்கள் போனார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தக் கதை 1951இல் ஆரம்பிக்கவில்லை, 1935இல் ஆரம்பிக்கிறது.

அந்த ஆண்டு அக்டோபரில் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. 1896இல் அட்வாவில் வாங்கிய அடியை இத்தாலி மறந்திருக்கவில்லை. இம்முறை விமானத்திலிருந்து கடுகு வாயுவைக் கொட்டினார்கள். எத்தியோப்பியா சர்வதேச சங்கத்தின் உறுப்பு நாடு. ஓர் உறுப்பினரை அடித்தால் எல்லோரும் சேர்ந்து வரவேண்டும் என்பதுதான் அங்கே ஒப்பந்தம். வந்தார்களா? பொருளாதாரத் தடை போட்டார்கள், ஆனால் அந்தப் பட்டியலில் பெட்ரோல் இல்லை. சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. இத்தாலியின் கப்பல்கள் சுங்கம் கட்டிவிட்டு அதன் வழியாகவே படைகளைக் கொண்டுபோயின. எரிபொருளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தடுப்பது என்ன மாதிரியான தடை என்று யாராவது எனக்கு விளக்கினால் தேவலை.

1936 ஜூன் 30 அன்று நாட்டை இழந்த செலாசி ஜெனீவாவில் போய் நின்று பேசினார். பார்வையாளர் மாடத்திலிருந்து இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் விசிலடித்துக் கூச்சல் போட்டார்கள். அவர் காத்திருந்து, அம்ஹாரிக் மொழியில் பேசி முடித்தார். அடுத்த மாதம் இருந்த தடையையும் எடுத்துவிட்டார்கள்.

இதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1950 ஜூனில், வடகொரியா தெற்கே இறங்குகிறது. தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவி செய்யுங்கள் என்று ஐ.நா. கேட்கிறது. செலாசியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். தனக்குக் கிடைக்காத ஒன்றை, முன்பின் தெரியாத இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். இப்போது கொடுக்காவிட்டால் 1936இல் பேசியதற்கு அர்த்தமே இல்லை. அவர் கொடுத்தார். அந்தப் போருக்குத் தென்னாப்பிரிக்கா விமானப் படை அனுப்பியது. தரைப்படை அனுப்பிய ஒரே ஆப்பிரிக்க நாடு எத்தியோப்பியாதான்.

அமெரிக்காவின் ஏழாவது டிவிஷனில், 32ஆவது ரெஜிமெண்டோடு இவர்களைச் சேர்த்தார்கள். ஆண்டுக்கு ஒரு பட்டாலியன் என்று போர் முடிவதற்குள் மூன்று பட்டாலியன்கள் மாறி மாறி வந்தன. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு பேர் அளவில் என்பது கணக்கு. 121 பேர் இறந்தார்கள், 536 பேர் காயம் பட்டார்கள். சண்டை போட்டது இரும்பு முக்கோணம் என்று பெயர் வாங்கிய மத்திய மலைப்பகுதியில். மலை அவர்களுக்குப் புதிதல்ல, அடிஸ் அபாபாவே 2,300 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. பனிதான் புதிது.

அவர்கள் 253 மோதல்களில் இறங்கி அத்தனையிலும் ஜெயித்தார்கள் என்று ஒரு கணக்கு திரும்பத் திரும்ப வரும். இவ்வளவு சுத்தமான ஸ்கோர்போர்டை நான் நம்பமாட்டேன். இன்னொரு விஷயம் அப்படி இல்லை: எத்தியோப்பிய வீரர் ஒருவர்கூடச் சிறைப்படவில்லை. 1953இல் இரு தரப்பும் போர்க் கைதிகளை மாற்றிக்கொண்டபோது திரும்ப வாங்கிக்கொள்ள எத்தியோப்பியர் யாருமே இல்லை. இரவு ரோந்துக்குப் போனால், இறந்தவரின் உடலையும் தூக்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். கூட இருந்து பார்த்த அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் ‘போர்க் சாப் ஹில்’ புத்தகத்தில் இவர்களுக்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். இத்தனைக்கும் அமெரிக்கப் படையின் கறுப்பின ரெஜிமெண்டான 24ஆவது 1951 அக்டோபரில்தான் கலைக்கப்பட்டது. தன் கறுப்பின வீரர்களைத் தனியாக நிறுத்திவைத்திருந்த ராணுவத்துக்கு, இவர்களைப் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுவதே ஒரு பாடமாக இருந்திருக்கும்.

இதுவரை படிக்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இதில் எரித்ரியா இன்னும் வரவில்லை.

எரித்ரியா இத்தாலியின் பழைய காலனி. 1941 முதல் பிரிட்டன் கையில் இருந்தது. கடற்கரை இல்லாத எத்தியோப்பியாவுக்கு அதன் துறைமுகங்கள்மேல் கண். அந்த நிலத்தை எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைப்பது என்று ஐ.நா. முடிவெடுத்தது 1950 டிசம்பரில், அதாவது கொரியாவுக்குப் படை திரண்டுகொண்டிருந்த அதே சமயத்தில். இதற்குப் பதில் அது என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பேரத்துக்கு எழுத்தும் தேவையில்லை. 1952இல் இணைப்பு நடந்தது. 1953இல் அமெரிக்காவோடு ராணுவ ஒப்பந்தம். எரித்ரியாவின் அஸ்மாராவில் அமெரிக்கா வைத்திருந்த வானொலி ஒட்டுக்கேட்பு நிலையத்துக்கு இந்தப் பட்டாலியனின் பெயரையே வைத்தார்கள்: கான்யூ ஸ்டேஷன். மேட்டுநிலம், பூமத்திய ரேகைக்குப் பக்கம், சிக்னல் அருமையாகக் கிடைக்கும். எங்கள் தொழிலில் வேரியபிளுக்கு வைத்த பெயர் அதன் வேலை மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கும். குதிரையின் பெயர் ஆண்டெனா வரைக்கும் வந்தது அந்த மாதிரிதான். 1962இல் செலாசி கூட்டாட்சியைக் கலைத்து எரித்ரியாவை விழுங்கினார். முந்தின ஆண்டே அங்கே துப்பாக்கிச் சத்தம் தொடங்கியிருந்தது, 1991 வரை ஓயவில்லை. சின்ன நாட்டைப் பெரியது விழுங்கக் கூடாது என்று ஜெனீவாவில் பேசிய அதே மனிதர்!

கான்யூ வீரர்களுக்கும் நல்லது நடக்கவில்லை. 1960 டிசம்பரில், செலாசி பிரேசில் போயிருந்தபோது, அவருடைய காவல்படையே ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றது. கொரியா போய்வந்தவர்களின் படை அன்றோடு சந்தேகப்பட்டியலில் சேர்ந்தது. 1974இல் ராணுவத்தின் டெர்க் அரசு வந்தது. அதற்குத் தோழன் வடகொரியா. தெற்குக்காகச் சண்டை போட்டேன் என்று சொன்னாலே வம்பு. அடிஸ் அபாபாவில் இவர்கள் குடியிருந்த பகுதிக்குக் கொரியா செஃபர் என்றே பெயர். அங்கே பலர் பதக்கங்களை ஒளித்து வைத்துக்கொண்டு வறுமையில் காலம் தள்ளினார்கள். நகரின் நடுவே, கறுப்புச் சிங்க மருத்துவமனை எதிரில், 1984இல் டிக்லாச்சின் நினைவுச்சின்னம் எழுந்தது. சோமாலியாவுடனான ஒகடேன் போரில் இறந்த எத்தியோப்பியர்களுக்கும், அவர்களுக்காகக் கடல் தாண்டி வந்து செத்த கியூபாக்காரர்களுக்கும் அது. சிலைகளைச் செய்து கொடுத்தது வடகொரியா.

கான்யூ வீரர்களுக்கான சின்னம் ஒன்று கொரியாவில் இருக்கிறது, சுன்சியோன் நகரத்தில், ஏரிக்கரையில். 1968 மே மாதம் செலாசி நேரில் போய் அதன் திறப்பில் கலந்துகொண்டார். அதே ஆண்டு எதிரிலேயே ஒரு காபிக்கடை திறந்தார்கள். பெயர் ‘எத்தியோப்பியா பெத்’. அம்ஹாரிக்கில் பெத் என்றால் வீடு. கடை இன்னும் ஓடுகிறது.