வாசலில் பிறந்த பாட்டு

நியூயார்க் நகரில் 1977-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'ஸ்டூடியோ 54' என்னும் நடன விடுதி, சில மாதங்களுக்குள்ளாகவே, பிரபலஸ்தர்கள் கூடுமிடமாகவும், காவலரின் கண்ணுக்குப் பிடிக்காத சாமானியர்கள் ஏக்கத்தோடு திரும்பும் இடமாகவும் பிரசித்தி பெற்றுவிட்டது. அவ்வாண்டின் கடைசி இரவில், பாடகி கிரேஸ் ஜோன்ஸின் அழைப்பை நம்பி, நேர்த்தியாக உடுத்திச் சென்ற 'ஷீக்' குழுவின் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் என்ற இரு கறுப்பின வித்வான்களும் அவ்வாசலிலேயே தடுக்கப்பட்டனர். அவர்களுடைய இசைக்கு நடன சாலைகள் ஆடிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைக்கையில் அந்த அவமதிப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது.

ராட்ஜர்ஸின் வீட்டுக்குத் திரும்பிய இருவரும், ஒருவர் கிதாரையும் மற்றவர் பேஸ் கிதாரையும் எடுத்துக்கொண்டு, காவலனை ஏசும் வசையையே பல்லவியாக்கி வாசிக்கத் தொடங்க, கோபம் தாளத்தில் கரைந்து குதூகலமாயிற்று. வானொலிக்கு ஒவ்வாத அவ்வசைச் சொல்லை மாற்றியதும் 'லெ ஃப்ரீக்' உருவாயிற்று. வெட்டி வெட்டி ஒலிக்கும் கிதாரும், அதன் அடியில் நிதானம் தவறாமல் நடக்கும் பேஸும் ஒன்றையொன்று தழுவும் அப்பாணியே, என் அபிப்பிராயத்தில், ஃபங்க் சங்கீதத்தின் உயிர்நிலை.

1978 டிசம்பரில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்ற அப்பாட்டு, இருமுறை அவ்விடத்தை இழந்தும் மீண்டும் பிடித்து, பல லட்சம் பிரதிகள் விற்றது.